படிப்பால் ஈட்டிய பொருள் யாருக்குச் சொந்தம்?

"உன்னைப் படிக்க வைத்தவன் நான். நீ வாங்கிய வீட்டில் எனக்கும் பங்குண்டு." பிறையில் என் மாணவன் ஒருவனின் தந்தையிடம் அவருடைய அண்ணன் இவ்வாறு கூறினாராம். பெற்றோர் சந்திப்பு முடிந்ததும் தேர்ச்சி அறிக்கையை மடித்துக்கொண்டே, "இது நியாயமா சார்?" என்று கேட்டார்.

இவ்வழக்கு நூறாண்டுக்கும் மூத்தது. மிதாட்சர முறைப்படி, கூட்டுக் குடும்பச் சொத்தைக் கொண்டு ஈட்டியது எல்லார்க்கும் பொது. தனித்து ஈட்டியது ஈட்டியவருக்கே உரியது. ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் இதனைக் கல்விக்கும் நீட்டின. எழுதப் படிக்கக் கற்றால் குற்றமில்லை. குடும்பப் பணத்தில் தொழிற்கல்வி கற்றால் வக்கீலின் வருவாயும் பொதுச்சொத்தே! சென்னைச் சட்டமன்றத்தில் வெ. பாஷ்யம் ஐயங்கார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனை மாற்ற மசோதா கொணர்ந்தார். கூட்டுக் குடும்பம் சிதையும் என எதிர்ப்பு எழுந்தது. ஆளுநரின் இசைவின்றி அது சட்டமாகவில்லை. 1921இல் கோகல் சந்த் வழக்கில், குடும்பச் செலவில் பயின்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் வருவாயும் குடும்பத்துக்குரியதே எனப் பிரிவி கவுன்சில் தீர்த்தது. படித்தோர் திகைத்திருப்பர். 1930இல்தான் இந்து கல்விவழி ஈட்டச் சட்டம் வந்தது: எவர் பணத்தில் கற்றாலும், கல்வியால் ஈட்டியது கற்றவரின் தனிச்சொத்து.

நம் நாட்டில் இந்தப் பூர்வீகம், சுயார்ஜிதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தீபகற்பத்தில் முஸ்லிம் அல்லாதவர் உயிலின்றி இறந்தால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். 1997இல் திருத்தப்பட்ட பின், துணைக்குக் கால், பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை. பெற்றோர் இல்லையெனில் துணைக்கு மூன்றில் ஒன்று, எஞ்சியது பிள்ளைகளுக்கு. துணை, பிள்ளை, பெற்றோர் எவரேனும் இருக்கும்வரை உடன்பிறந்தாருக்குப் பங்கில்லை. ஆனால் தமிழ்நாட்டில் நிலம் இருந்தால் அதற்கு அந்நாட்டுச் சட்டமே. இந்துக் குடும்பமாயின் 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம். இங்குள்ள பலர் இதில்தான் தடுமாறுகின்றனர்.

இவற்றையெல்லாம் விளக்கி, படிக்க வைத்தார் என்பதற்காக மட்டும் அண்ணனுக்கு உரிமை இல்லை என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. "அண்ணன் ஆறாம் ஆண்டோடு நின்று பால்மரம் வெட்டப் போனார் சார். நான் இடைநிலைப் பள்ளிக்குப் போனேன்" என்றார். பிறகு, உயிலில் அவருக்கு ஒரு பங்கு எழுதலாமா என்று கேட்டார். எழுதலாம், 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் அதற்கு இடம் தருகிறது என்றேன். எழுதினாரா என்று நான் பிறகு கேட்கவில்லை.