மக்கன் பேடாவும் டோநட்டும்

வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை, ஆம்பூர் ஆகிய ஊர்களின் பேக்கரிகளில் இப்போது டோநட் என்னும் பண்டமும் விற்பனைக்கு வந்துவிட்டது. மைதா மாவை வளையமாக்கி, எண்ணெயில் பொரித்து, மேலே சர்க்கரைப் பாகோ சாக்லேட்டோ பூசிய பண்டம் அது. ஆரணி, போளூர், வந்தவாசி வட்டத்துச் சிற்றூர்களிலிருந்து படிப்புக்கும் பணிக்கும் வேலூர்ப் பக்கம் வந்து குடியேறிய நம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, நண்பர்களின் பிறந்தநாள் விழாக்களில் அது நீட்டப்படுகிறது. “முட்டை சேர்க்கவில்லை, பச்சைப் புள்ளி போட்டிருக்கிறது” என்கிறார்கள். அது போதுமா என்பது வீட்டுப் பெரியவர்களின் கேள்வி. மறுக்கப்பட்ட பிள்ளையின் முகவாட்டம் ஒரு பக்கம், நோன்பின் உறுதி மறுபக்கம் என்று தாய்மார்கள் இடையில் நிற்கிறார்கள். ‘இது எதிலிருந்து வந்தது?’ என்ற இந்த வினாவுக்குப் பாலாற்றங்கரையில் நீண்ட வரலாறு உண்டு. அதைச் சொல்வதே இக்கட்டுரை.

டோநட்டின் பிறப்பை முதலில் பார்த்துவிடுவோம். இன்று நியூயார்க் எனப்படும் நகரில் குடியேறிய டச்சுக்காரர்கள் ‘எண்ணெய் அப்பம்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்த மாவுருண்டையே அதன் மூதாதை. வாஷிங்டன் இர்விங் 1809இல் வெளியிட்ட நியூயார்க் வரலாற்று நூலில் டோநட்டைப் பற்றிய குறிப்பு வருகிறது. இனிப்பு சேர்த்த மாவுருண்டைகளைப் பன்றிக் கொழுப்பில் பொரித்தார்கள் என்பது அவர் தரும் செய்தி. ஆகவே பிறந்த இடத்தில் அது நமக்கு ஆகாத பண்டம். இன்று பெரும்பாலான கடைகள் தாவர எண்ணெயையே பயன்படுத்துகின்றன என்பதும் உண்மை. பழைய பன்றிக் கொழுப்பைக் காட்டி இன்றைய டோநட்டைத் தள்ளுவது நியாயமாகாது. இன்றைய மாவில் என்ன கலந்திருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

நம் பகுதிக்கும் இத்தகைய பண்டம் ஒன்று உண்டு. ஆற்காட்டு மக்கன் பேடாவை அறியாதவர் நம்மில் யார்? மைதாவும் கோவாவும் கலந்து பிசைந்து, முந்திரி, பாதாம், பிஸ்தா, உலர்திராட்சை முதலியவற்றை உள்ளே வைத்து உருட்டி, மெல்லிய தீயில் பொரித்து, சர்க்கரைப் பாகில் ஊறவிடுவார்கள். மக்கன் என்றால் உருதுவில் வெண்ணெய். வாயில் வெண்ணெய்போல் கரைவதால் இப்பெயர் என்பர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்காட்டைத் தலைநகராகக் கொண்ட நவாபுகளின் காலத்தோடு இதனை இணைத்துச் சொல்வது ஊர் வழக்கு. அரண்மனை அடுப்பில் பிறந்ததாகச் சொல்லப்பட்டாலும் இதில் முட்டையும் இல்லை, ஊனும் இல்லை. பாலும் மாவும் பருப்பும் சர்க்கரையுமே இதன் உறுப்புகள். அதனால் நம் வீட்டுத் திருமணங்களிலும் இதனை இடையூறின்றிப் பரிமாற முடிகிறது.

அந்த ஆற்காட்டுக்குத் தென்மேற்கே சில கல் தொலைவில் பஞ்சபாண்டவர் மலை இருக்கிறது. கல்வெட்டுகள் அதைத் திருப்பான்மலை என்கின்றன. நந்திவர்ம பல்லவனின் ஐம்பதாம் ஆட்சியாண்டில் அங்கே பொன்னியக்கியாரின் திருவுருவம் செதுக்கப்பட்டதைக் கல்வெட்டு கூறுகிறது. நாகநந்தி குரவரின் பெயரும் அதில் இடம்பெறுகிறது. அடுத்துள்ள விளாப்பாக்கத்தில் முதலாம் பராந்தக சோழனின் 38ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. திருப்பான்மலை அரிட்டநேமி படாரரின் மாணாக்கியார் பட்டினிக் குரத்தியடிகள் கிணறு தோண்டுவித்த செய்தி அதில் வருகிறது. ‘பட்டினி’ என்பது நோன்பால் வந்த பெயராகவே எனக்குத் தோன்றுகிறது. மக்கன் பேடாவுக்குப் புகழ்பெற்ற ஊரின் அருகிலேயே, அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு, உண்ணாமையால் பெயர் பெற்ற ஒரு குரத்தியார் ஊருக்கு நீர் தந்திருக்கிறார். உண்பதையும் விடுப்பதையும் ஆராய்வது இம்மண்ணில் நேற்று வந்த பழக்கமன்று.

இனித் தோலுக்கு வருவோம். 1805 நவம்பரில் சென்னைப் படையின் சிப்பாய்களுக்குப் புதிய உடைவிதி வந்தது. நெற்றிக்குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்பன அதன் கட்டளைகள். அத்தலைப்பாகையில் தோலாலான குஞ்சம் ஒன்று இருந்தது. அது எந்த விலங்கின் தோல் என்ற ஐயம் இந்துச் சிப்பாய்களையும் இஸ்லாமியச் சிப்பாய்களையும் ஒருசேரக் கலக்கியது. 1806 ஜூலை 10 அன்று விடியற்காலையில் வேலூர்க் கோட்டையில் வெடித்த கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். கிளர்ச்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்தார். வேறு காரணங்களும் இருந்தன. திப்புவின் மக்கள் கோட்டையில் காவலில் இருந்ததை எல்லாரும் அறிவர். எனினும் ‘இது எதிலிருந்து செய்யப்பட்டது?’ என்று கேட்டவர்களுக்கு நேரான விடை தராமல் கட்டளை மட்டும் இட்டதன் விலையை வேலூர் கண்டது.

பிற்காலத்தில் இப்பகுதி தோல் தொழிலால் வளர்ந்தது. ஆவாரம் பட்டையிட்டுப் பதனிட்ட தோல் கடல் கடந்து சென்றது. பின்னர்க் குரோமியப் பதனீடு பரவியது. பதனிடும்போது கழித்தெடுக்கும் சதையும் தோல் துண்டுகளும் வீணாவதில்லை. அவற்றைக் காய்ச்சினால் தச்சர் பயன்படுத்தும் வச்சிரப் பசை கிடைக்கும். தோலையும் எலும்பையும் தூய்மையாகப் பக்குவம் செய்தால் ஜெலட்டின் கிடைக்கும். அந்த ஜெலட்டினே சில கிரீம்களிலும் மார்ஷ்மெல்லோ மிட்டாயிலும் மாத்திரைக் கூடுகளிலும் சேர்கிறது. தோல் பதனிடும் ஊர்களின் நடுவே வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். டோநட்டின் மாவைவிட அதன் உள்ளே நிரப்பும் கிரீமைப் பற்றி நாம் கூடுதலாக விசாரிக்க வேண்டியது இதனால்தான்.

பொரிக்கும் கொழுப்பின் கதை தனி. 1937இல் டால்டா சந்தைக்கு வந்தபின், நெய்க்கு மாற்றாக வனஸ்பதி இனிப்புக் கடைகளில் நுழைந்தது. தாவர எண்ணெயை ஹைட்ரஜன் சேர்த்து இறுக்கியது ஆகையால் சைவம் என்று நம் முன்னோர் ஏற்றுக்கொண்டனர். 1983இல் இறக்குமதியான மாட்டுக் கொழுப்பு வனஸ்பதியில் கலக்கப்படுகிறது என்ற புகார் நாடெங்கும் கொந்தளிப்பை உண்டாக்கியது. தாவரப் பொருள் என்று எழுதியிருந்த டப்பாவின்மேல் இருந்த நம்பிக்கை அன்று உடைந்தது. நான் அறிந்த பெரியவர்கள் சிலர் அதன்பின் கடை இனிப்பைத் தொட்டதே இல்லை.

அத்தகைய ஐயங்களுக்கு அரசு தந்த விடை 2001இல் உணவுக் கலப்படத் தடை விதிகளின் வழியே வந்த வண்ணக் குறிகள். சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு வட்டம். 2020ஆம் ஆண்டு விதிகள் பழுப்பு வட்டத்தை முக்கோணமாக மாற்றின. இந்திய விதியில் முட்டை அசைவமே. ஆகவே பச்சைக் குறி இருந்தால் விதிப்படி முட்டையும் இல்லை, விலங்கின் ஜெலட்டினும் இல்லை. இது சிறிய உதவியன்று. பல நாடுகளில் வாழும் நம் உறவினர்களுக்கு இந்த வசதி கிடையாது.

ஆனால் அதே விதி அசைவத்தை வரையறுக்கும்போது பால், பால்பொருள்கள், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றை விலக்கி வைக்கிறது. அதாவது தேன் பூசிய டோநட்டும், அரக்குப் பூச்சால் பளபளக்கும் சர்க்கரை மணிகளைத் தூவிய டோநட்டும் பச்சைக் குறியோடு விற்கப்படலாம். அரக்கு என்பது ஒரு பூச்சியின் சுரப்பு. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம், ஐந்து அணுவிரதங்களோடு கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விடுவதையே இல்லறத்தாரின் எண்வகை மூலகுணமாக வகுக்கிறது. அந்நூல் வழி வந்த தமிழ் நூலே அருங்கலச்செப்பு. அரசின் வட்டத்துக்குள் தேன் அடங்கும். நம் ஆசாரத்துக்குள் அடங்காது. பச்சைப் புள்ளி அரசு கேட்ட கேள்விக்கு விடை. நம் கேள்வி அதனினும் ஒரு படி நீளமானது.

உறையின் பின்புறத்தில் வரும் எண்களையும் படிக்கப் பழக வேண்டும். 471 என்பது மாவை மென்மையாக்கும் கொழுப்புச் சேர்மானம். தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்கிலிருந்தும் வரலாம். 920 என்பது எல்-சிஸ்டைன். பறவை இறகிலிருந்தும் முடியிலிருந்தும் எடுக்கும் முறை உண்டு, நுண்ணுயிர் வழியே ஆக்கும் முறையும் உண்டு. எண்ணை மட்டும் அச்சிட்டு மூலத்தை மறைப்பது போதாது, அது தாவரத்தினதா விலங்கினதா என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2021 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. உறையில்லாமல் தட்டில் அடுக்கி விற்கும் கடையில் எண்ணும் இராது, குறியும் இராது. அங்கே கடைக்காரரை நேரே கேட்பதே வழி. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

‘நாமா கொன்றோம்? கடையில் இருப்பதை வாங்கினோம், அவ்வளவுதானே?’ என்று இளைஞர் சிலர் வாதிடுவதைக் கேட்கிறேன். இவ்வாதம் பழையது. கொன்றவனுக்கே பாவம், உண்பவனுக்கு இல்லை என்ற பௌத்தர் கூற்றை மறுத்து வாதிட்ட நூல் நம் நீலகேசி. வாமன முனிவர் உரையோடு அதனை 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்துத் தந்தார். திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரமும் வாங்குவோரால்தான் விற்போர் உளர் என்ற நியாயத்தைக் காட்டுகிறது. இளைஞர்களைக் கடிந்துகொள்வதைவிட இந்நூல்களை அவர்கள் கையில் கொடுப்பது நலம்.

ஈஸ்ட் பற்றிய கேள்வி மட்டும் இருபக்கமும் வெட்டும். புளித்த மாவில் உயிர்கள் பெருகுகின்றன என்று டோநட்டை ஒதுக்குவோர், முதல்நாள் இரவே அரைத்து வைத்த இட்லி மாவுக்கு என்ன சொல்வார்கள்? கடுநோன்பியர் இரண்டையுமே விடுகிறார்கள்; அது ஒழுங்கான நிலை. ஒன்றை மட்டும் பழிப்பது பழக்கத்தின் பிடிவாதம் என்றே நினைக்கிறேன்.

உடல்நலத்தில் மக்கன் பேடாவுக்கும் டோநட்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டும் மைதா, இரண்டும் பொரித்தவை, இரண்டும் சர்க்கரையில் மூழ்கியவை. வழக்கமான அளவுள்ள டோநட் ஒன்று ஏறத்தாழ 200 முதல் 300 கலோரி தரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. தமிழகத்தின் விகிதம் தேசியச் சராசரியைவிட மிகுதி. ஊன் உண்ணாதவருக்கு இந்நோய் வராது என்று எண்ணுவது வீண். அரிசியும் சர்க்கரையும் சைவமே.

கொழுப்பில் ஒரு நல்ல மாற்றம் நேர்ந்துள்ளது. வனஸ்பதியில் மிகுந்திருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குத் தீங்கு என்று அறியப்பட்டதால், எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. ஆனால் அதே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும் கடையில் இவ்வரம்பால் மட்டும் பயன் விளையாது.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் உபவாசம் ஏற்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். பாரணை செய்யும்போது இனிப்பில் தொடங்குவதையும் தவிர்க்க வேண்டும். ஆவாரம் பூவைக் கஷாயமாக்கிக் குடிப்போர் குடிக்கட்டும், மருந்தை நிறுத்த வேண்டாம். தோலைப் பதனிட்ட அதே செடியின் பூ சர்க்கரை நோய்க்குக் கைவைத்தியமாயிற்று என்பது இவ்வட்டாரத்தின் வியப்புகளில் ஒன்று. இன்சுலினைப் பற்றியும் ஐயம் வேண்டாம். முன்பு மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். 1982 முதல் நுண்ணுயிர் வழியே ஆக்கப்படும் மனித இன்சுலின் வந்துவிட்டது. மாத்திரைக் கூடு ஜெலட்டினா, தாவர நாரிலானதா என்று மருந்தாளுநரைக் கேட்கலாம். மாற்று இல்லையெனில் உயிர்காக்கும் மருந்தை விடுவது முறையன்று.

பிள்ளைகளின் ஆசைக்கு நம் அடுக்களையிலேயே வழி இருக்கிறது. மைதா, வெண்ணெய் அல்லது நெய், தயிர், சிறிது சமையல் சோடா ஆகியவற்றைப் பிசைந்து, வில்லையாகத் தட்டி, நடுவில் கட்டைவிரலால் அழுத்தி, மெல்லிய தீயில் பொரித்துப் பாகில் தோய்க்கிறோம். அதற்குப் பாதுஷா என்று பெயர். முட்டையில்லை, ஈஸ்ட் இல்லை, தேன் இல்லை. பொழுது சாயுமுன் செய்து ஆளுக்கு ஒன்று கொடுக்கலாம். டோநட்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பேரனுக்காக, கட்டைவிரலை இன்னும் சற்று அழுத்தி மறுபுறம் வரை துளைத்துவிட்டால் ஆயிற்று.