புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொள்ளலாமா? நகரங்கள் பாடம் படித்த கதை

ஒரு நகரம் இன்னொரு நகரத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வது புது விஷயம் அல்ல. பருவநிலை மாற்றம் என்ற சொல் செய்தித்தாளுக்கு வருவதற்குப் பல காலம் முன்பே அது நடந்திருக்கிறது. அந்தக் கதையில் ஒரு போர்க்கப்பலும் வருகிறது!

1914-ல் பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் சென்னைக்கு வந்தார். உலக நகரங்களின் வரைபடங்கள், படங்கள், திட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக் காட்டும் 'நகரங்கள் கண்காட்சி'யை நடத்துவது அவர் நோக்கம். சென்னை கவர்னர் பெண்ட்லண்ட் பிரபு அழைத்திருந்தார். கண்காட்சிப் பொருட்கள் 'கிளான் கிராண்ட்' என்ற கப்பலில் தனியாக வந்துகொண்டிருந்தன. அப்போது முதல் உலகப்போர் தொடங்கிவிட்டது. செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசிய அதே எம்டன் கப்பல், அக்டோபரில் கிளான் கிராண்டையும் மூழ்கடித்தது. பல வருட உழைப்பு கடலுக்கு அடியில் போனது.

ஆனால் கண்காட்சி நிற்கவில்லை. பிரிட்டனில் இருந்த நண்பர்கள் மறுபடியும் படங்களைச் சேகரித்து அனுப்ப, ஜனவரி 1915-ல் சென்னையில் கண்காட்சி திறக்கப்பட்டது. அதன்பின் கெடிஸ் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். அதில் கோயமுத்தூரும் ஒன்று. 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது.

உலக நகரங்களைக் காட்ட வந்தவர், அவற்றை அப்படியே காப்பியடிக்கச் சொல்லவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. தெருவை நேராக்க வீடுகளை இடித்துத் தள்ளும் அன்றைய ஐரோப்பிய பாணியை அவர் எதிர்த்தார். கொசுவுக்குப் பயந்து குளங்களை மூடுவதையும் எதிர்த்தார். குளம் காற்றைக் குளிர வைக்கும், கொசுப் புழுவை மீன் தின்னும் என்பது அவர் வாதம். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம் என்று நொய்யலை நம்பிக் குளங்களைக் கட்டி வைத்த கோவைக்காரர்களுக்கு இது புதுச் செய்தியா என்ன?

கணக்குப் புத்தகம் வந்தது

அடுத்த பாடம் 1990-ல் தொடங்குகிறது. நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில் 43 நாடுகளைச் சேர்ந்த 200-க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் கூடி, 'இக்லி' என்ற அமைப்பை உருவாக்கின. 2005-க்குள் கரியமில வாயுவை 20 சதவீதம் குறைப்போம் என்று அதே 1990-ல் தீர்மானம் போட்ட டொரண்டோ நகரம் அதற்குத் தலைமையகம் ஆனது. 1993-ல் நகரங்களுக்கான பருவநிலைப் பிரச்சாரத்தை இக்லி ஆரம்பித்தது.

அது சொன்ன வழி ஐந்து படிகள்தான். முதலில் நகரம் எவ்வளவு புகை விடுகிறது என்று கணக்கெடு, இலக்கு வை, திட்டம் போடு, செய், பிறகு சரிபார். வணிகவியல் படிப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். முதலில் பேரேடு, பிறகு பட்ஜெட், கடைசியில் தணிக்கை! கணக்கு முறை ஒன்றாக இருப்பதால் ஒரு நகரத்தின் ஏட்டை இன்னொரு நகரம் வாசிக்க முடிகிறது.

இந்த ஏடு கோவைக்கும் வந்தது. 2016-ல் சுவிட்சர்லாந்து அரசின் உதவியோடு ஆரம்பித்த ஒரு திட்டத்தில் கோவை, ராஜ்கோட், சிலிகுரி, உதய்ப்பூர் ஆகிய நான்கு நகரங்கள் சேர்ந்தன. பிறகு திருச்சி, திருநெல்வேலி, அகமதாபாத், வதோதரா சேர்ந்தன. உக்கடம் பெரியகுளத்தில் மிதக்கும் 154 கிலோவாட் சூரிய மின் நிலையம் இந்த வழியில் வந்ததுதான்.

அகமதாபாத் கற்றுத் தந்தது

அந்தப் பட்டியலில் அகமதாபாத்தின் பெயர் முக்கியமானது. மே 2010-ல் அங்கே வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது. வழக்கத்தைவிட 1,344 பேர் அந்த மாதம் அதிகமாக இறந்தார்கள் என்று பின்னர் வந்த ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவின் பிலடெல்பியா 1993-ல் இப்படிப்பட்ட வெயிலில் அடிபட்டு, 1995-ல் எச்சரிக்கை முறையை ஏற்படுத்தியிருந்தது. அகமதாபாத் மாநகராட்சி, காந்திநகர் பொதுச் சுகாதார நிறுவனத்துடனும் அமெரிக்க வல்லுநர்களுடனும் சேர்ந்து 2013-ல் தெற்காசியாவின் முதல் நகர வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை, மருத்துவமனை ஊழியர்களுக்குப் பயிற்சி, பொதுமக்களுக்குக் குறுஞ்செய்தி, தண்ணீர்ப் பந்தல். பெரிய செலவு ஒன்றும் இல்லை. இந்தத் திட்டத்தால் வருடத்துக்குச் சராசரியாக 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று 2018-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. மற்ற நகரங்களும் மாநிலங்களும் இதைப் பின்பற்றின. தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

பூனைக்கு எத்தனை டிகிரி?

சரி, அகமதாபாத் திட்டத்தை அப்படியே கோவையில் ஒட்டினால் என்ன ஆகும்? அங்கே சிவப்பு எச்சரிக்கை 45 டிகிரியில். கோவையில் வெயில் அந்த அளவுக்குப் போவதில்லை. ஆகவே சிவப்பு விளக்கு எரியவே எரியாது. கோவைக்கு ஆபத்தே இல்லை என்று கோப்பை மூடிவிடலாம்!

ஆனால் கணபதியில் நிலவரம் வேறு. பவுண்டரிகளும் பம்ப் செட் உதிரிபாகப் பட்டறைகளும் லேத் கூடங்களும் நிறைந்த பகுதி இது. வெளியே 38 டிகிரி என்றால், தகர ஷீட்டுக்குக் கீழே உலை பக்கத்தில் நிற்பவருக்கு எத்தனை டிகிரி? வானிலை அறிக்கை அதைச் சொல்லாது. வருடம் முழுக்க இதமாக இருந்து பழகிய ஊரில், குறைந்த வெப்பமே உடம்பைச் சாய்த்துவிடும்.

அகமதாபாத்திடம் படிக்க வேண்டியது 45 என்ற எண்ணை அல்ல, அந்த எண்ணை அவர்கள் கண்டுபிடித்த முறையை. தங்கள் ஊர் இறப்புப் பதிவையும் தங்கள் ஊர் வெயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள், எந்த டிகிரியில் சாவு கூடுகிறது என்று பார்த்தார்கள். கோவை மாநகராட்சியிடமும் பிறப்பு இறப்புப் பதிவேடு இருக்கிறது. அரசு மருத்துவமனையில் நோயாளிக் கணக்கு இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வெளிநாட்டு நிதி தேவையில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. லண்டன் மேயர் கையில் பேருந்துகள் இருக்கின்றன. கோவை மேயர் கையில் பேருந்தும் இல்லை, மின்சாரமும் இல்லை. இரண்டும் மாநில அரசு நிறுவனங்களிடம். பட்டறைக்குள் சூடு குறைய வேண்டுமென்றால் தொழிற்சாலை ஆய்வுத் துறையும் வர வேண்டும். மாநகராட்சியிடம் இருப்பது குளம், மரம், தெருவிளக்கு, குடிநீர், குப்பை, கட்டட அனுமதி. திட்டம் இரவல் வாங்கும்போது, அதைச் செய்யும் அதிகாரம் யார் கையில் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கெடிஸின் கண்காட்சி கடலில் மூழ்கியபோது போனது படங்கள் மட்டும்தான். பார்க்கும் முறை போகவில்லை, அதனால்தான் மறுபடி திரட்ட முடிந்தது. புலியின் உடம்பில் உள்ள கோடுகளை வரைந்துகொள்வது சுலபம். பூனை தன் உடம்புக்கு எவ்வளவு சூடு தாங்கும் என்று தானே அளந்து பார்க்க வேண்டும். அடுத்த சித்திரைக்குள் கோவை அதை அளந்துவிட்டால், தகர ஷீட்டுக்குக் கீழே நிற்பவருக்கும் ஒரு சிவப்பு விளக்கு கிடைக்கும்.