நிலவில் விழும் ஒளிவட்டம்

இருட்டறையின் சுவரில் ஒரு துளை. வெளியே பல விளக்குகள், வெவ்வேறிடங்களில். அறைக்குள் ஒவ்வொரு விளக்கிற்கும் தனித்தனியே ஓர் ஒளிப்பொட்டு தோன்றும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்கு நேரான பொட்டு மட்டுமே மறையும். ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதற்கு இப்னு அல் ஹைதம் காட்டிய சான்றுகளுள் இதுவும் ஒன்று. 965-ஆம் ஆண்டளவில் பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூலை யாத்த அப்பேரறிஞரின் முடிவு பெரும்பாலும் சரியே. பெரும்பாலும் என்கிறேன், முழுவதும் என்று சொல்வதற்கில்லை.

இத்தாலியப் பாதிரியார் கிரிமால்டி மறைந்தபின் 1665-இல் வெளிவந்த நூல், நுண்துளை வழியே வரும் ஒளி நேர்கோட்டுக் கணக்கிற்கு மீறிச் சற்றே அகன்று விழுவதை உலகிற்கு அறிவித்தது. இதனையே விளிம்பு விளைவு என்கிறோம். (நிலவின் கிழக்கு விளிம்பருகே உள்ள ஒரு பெருங்குழிக்கு இப்னு அல் ஹைதமின் லத்தீன் வழக்குப் பெயரான 'அல்ஹேசன்' என்பதும், மேற்கு விளிம்பருகே உள்ள மற்றொன்றிற்குக் கிரிமால்டியின் பெயரும் வழங்குகின்றன.)

1960-இல் லேசர் பிறந்தது. லேசர் ஒளி விரியாது என்று எண்ணுவோர் இன்றும் உளர். கைக்கடக்கமான ஒரு லேசர் விளக்கை எடுத்து, அருகிலுள்ள சுவரில் விழும் பொட்டின் அகலத்தையும், நெடுந்தொலைவிலுள்ள சுவரில் விழுவதன் அகலத்தையும் அளந்து பாருங்கள். அகலங்களின் வேறுபாட்டை இரு சுவர்களுக்கும் இடையிலுள்ள தொலைவால் வகுத்தால் விரிவுக் கோணம் கிடைத்துவிடும். ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் புறப்படும் கற்றை 100 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ உள்ளங்கை அளவாகும். அதுவே நிலவைச் சென்றடையுமாயின் 300 கிலோமீட்டருக்கும் மேல் விரிந்திருக்கும்! குறுகிய வாயிலிருந்து புறப்படும் ஒளியே மிகுதியாக விரிகிறது, இதுதான் வியப்பு.

ஆகவே நிலவை ஒளியால் தொட விரும்பியோர் கற்றையைத் தொலைநோக்கியினுள் தலைகீழாகச் செலுத்தி, முதலில் அகலமாக்கி அனுப்பினர். 1962-இல் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் நிலவின் தரையில் பட்டுத் திரும்பிய லேசர் ஒளியைப் பிடித்தனர். 1968 ஜனவரியில் நிலவில் இறங்கியிருந்த சர்வேயர் 7 விண்கலத்தின் கேமரா பூமியைப் படமெடுத்தது. பிறைவடிவப் பூமியின் இருண்ட பகுதியில் இரு ஒளிப்புள்ளிகள்! அவை அரிசோனாவிலிருந்தும் கலிபோர்னியாவிலிருந்தும் அனுப்பப்பட்ட லேசர் கற்றைகள். ஒவ்வொன்றின் ஆற்றலும் ஓரிரு வாட் மட்டுமே. பெருநகரங்களின் இலட்சக்கணக்கான விளக்குகள் அப்படத்தில் தென்படவில்லை.

1969 ஜூலையில் அப்பல்லோ 11 வீரர்கள் 100 கண்ணாடிப் பட்டகங்கள் கொண்ட ஒரு தட்டை நிலவில் வைத்து மீண்டனர். வந்த திசையிலேயே ஒளியைத் திருப்பியனுப்புவது அதன் இயல்பு. ஆகஸ்ட் முதல் நாள் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகம் அதிலிருந்து திரும்பிய ஒளியைப் பெற்றது.

பின்னாளில் நியூமெக்சிகோவின் அப்பாச்சி பாயிண்ட் நிலையத்தார் 3.5 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு இதே பணியில் இறங்கினர். விளிம்பு விளைவு மட்டுமே தடையாயின், அவர்தம் கற்றை நிலவில் 150 மீட்டர் அளவிலேயே விழ வேண்டும். ஆனால் நம் தலைமேலுள்ள காற்றின் கலக்கம் அதனைச் சிதறடிப்பதால், வட்டம் சுமார் 2 கிலோமீட்டராகி விடுகிறது. அனுப்பும் ஒளித்துகள்களில் 3 கோடிக்கு ஒன்றே தட்டில் படும். அங்கிருந்து மீளும் ஒளியோ பூமியை அடையும்போது ஏறத்தாழ 15 கிலோமீட்டர் விரிந்துவிடும். அதிலும் 3 கோடிக்கு ஒன்றே தொலைநோக்கிக்குள் புகும். ஒரு துடிப்பில் கோடானுகோடித் துகள்களை அனுப்பி, ஒன்றிரண்டு திரும்பினால் அதுவே பெரும் வரவு.

அந்த ஒன்றிரண்டு துகள்கள் போய்வரும் இரண்டரை வினாடிப் பயணத்தை மிக நுட்பமாக அளந்தே நிலவின் தொலைவை மில்லிமீட்டர் அளவிற்குக் கணிக்கின்றனர். நிலவு ஆண்டுதோறும் 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகிச் செல்வது அங்ஙனம் அளந்தறியப்பட்டதே.