கீசகன் எங்கே போனான்?

நம் கல்லூரி ஆண்டு விழாவில் எங்கள் செட் போட்ட நாடகம் சிலருக்கு ஞாபகம் இருக்கும். எனக்குக் கீசகன் வேஷம். அதைப் பதிவு செய்த சி.டி.யைப் போன மாதம் தேடி எடுத்துப் போட்டேன். படிக்கவே முடியவில்லை. பதினைந்து வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்தக் கதி! அப்போதுதான் நூறு வருஷத்துக்கு முந்தைய இன்னொரு கீசகன் நினைவுக்கு வந்தான்.

தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் கதைப்படம் 'கீசக வதம்' என்ற மௌனப்படம். எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார். சென்னையில் மோட்டார் உதிரி பாக வியாபாரம் செய்தவர். பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் காமிரா கற்றுக்கொண்டு வந்து, புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் இந்தியா பிலிம் கம்பெனியைத் தொடங்கினார். ராஜு முதலியார் கீசகன், ஜீவரத்தினம் திரௌபதி. சுமார் 35 நாள் படப்பிடிப்பு, 35,000 ரூபாய் செலவு. பேச்சு இல்லாததால் இடையிடையே எழுத்து காட்டுவார்கள். இந்தி எழுத்துகளை எழுதித் தந்தவர் காந்தியடிகளின் மகன் தேவதாஸ் காந்தி!

படத்தின் நீளம் 6,000 அடி. அடிக்கு 16 பிரேம், விநாடிக்கு 16 பிரேம் என்று கணக்குப் போட்டால் நூறு நிமிஷம் வருகிறது. பர்மா, இலங்கை, மலாயா, சிங்கப்பூர் வரை ஓடி 50,000 ரூபாய் வசூலித்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையிலிருந்து இலங்கைக்குப் போகும் ரயில் பாதை நம் ஊர் வழிதான். தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார். அந்தப் படப்பெட்டியும் நம்ம ஸ்டேஷனைத் தாண்டித்தான் போயிருக்குமோ என்று எனக்கு ஒரு ஆசை.

இன்று அதில் ஒரு அடிகூட இல்லை. வெளியான வருஷத்தையே 1916 என்றும் 1918 என்றும் ஆளுக்கொன்றாக எழுதுகிறார்கள். அந்நாளைய பிலிம் செல்லுலோஸ் நைட்ரேட். தீப்பிடித்தால் தண்ணீரில் முக்கினாலும் அணையாது. வெயிலும் ஈரமும் பட்டால் பிசுபிசுத்துப் பொடியாகும். ஓடி முடிந்த படங்களை அதிலுள்ள வெள்ளிக்காகவே உருக்கியதும் உண்டு. முதலியாரின் ஸ்டூடியோவும் தீக்கு இரையானது. மகனையும் பறிகொடுத்து, 1923 வாக்கில் அவர் சினிமாவையே விட்டார். 1971-இல் காலமானார்.

ஆனால் 1933-இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' தப்பித்தது. காப்புரிமை வழக்கில் மாட்டியதால் அதன் பிரதி ஒரு புத்தகக் கடையிலேயே கிடந்தது. 1974-இல் பூனா திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வழக்குப் போட்டவர்கள் வாழ்க!

நமக்கு வழக்கெல்லாம் வேண்டாம் நண்பர்களே. உப்புக்காற்றில் எது நிலைக்கும், எது நிலைக்காது என்று நமக்குத் தெரியாதா? 1964 புயலில் தனுஷ்கோடியே போயிற்று. வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய போட்டோ, காஸெட், சி.டி. எதுவானாலும் இந்தச் சந்திப்புக்கு எடுத்து வாங்க. பிரதி எடுத்து நூலகத்தில் ஒன்று, வெளியூரில் ஒன்று வைப்போம். படிக்கும் தம்பி தங்கைகளே, இன்று நீங்கள் செல்போனில் எடுப்பதற்கும் இதே கணக்குதான்.

என் கீசகன் யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து சொல்லுங்கள்.