இலங்கையிற் சிங்கோனாச் செய்கை

மரப்பட்டையாற் பெயர் பெற்ற நாடு இலங்கை. கறுவாப் பட்டையை நாடிப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கடல் கடந்து வந்த வரலாற்றை மாணவர் யாவரும் அறிவர். காட்டில் தானே வளர்ந்த கறுவாவை உரித்துவந்த நிலை மாறி, ஒல்லாந்தத் தேசாதிபதியாகிய பல்க் என்பவரின் காலத்தில், 1769ஆம் ஆண்டளவிலே கொழும்பை அடுத்த மருதானையில் அதனைத் தோட்டப்பயிராக நட்டு வளர்க்கத் தொடங்கினர். இதற்கு ஏறத்தாழ நூறாண்டு கழித்து, மற்றொரு பட்டையின் பொருட்டு மலைநாட்டின் சரிவுகளெங்கும் மரம் நடப்பட்டது. அது கறுவாவைப்போல் உணவுக்கு மணமூட்டும் பட்டையன்று. முறைக்காய்ச்சலைத் தீர்க்கும் கசப்புப் பட்டை. சிங்கோனா எனப்படும் அம்மரத்தின் வரலாற்றைப் பாடநூல்கள் கோப்பிக்கும் தேயிலைக்கும் இடையே இரண்டொரு வரியிற் கூறிக் கடந்து செல்கின்றன. மருந்து மரத்தை வருவாய்க்காக நடுவோர் எதனை எண்ணி நடுகின்றனர், எது அவர்களுக்குக் கிடைக்கிறது என்பதை இவ்வரலாற்றினும் தெளிவாகக் காட்டும் பிறிதொன்று நம் நாட்டில் இல்லை எனலாம்.

சிங்கோனாவின் தாயகம் தென்னமெரிக்காவின் அந்தீசு மலைத்தொடர். அதன் பட்டை காய்ச்சலைத் தணிக்கும் என்னும் செய்தி பதினேழாம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவிகள் வாயிலாக ஐரோப்பாவை எட்டிற்று. பெரு நாட்டிலிருந்த தேசாதிபதி ஒருவரின் மனைவியாகிய சிஞ்சோன் சீமாட்டி அப்பட்டையாற் பிழைத்தார் என்றொரு கதை வழங்கும். அக்கதையை நம்பியே லின்னேயசு 1742ஆம் ஆண்டில் அம்மரத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார். சூட்டும்பொழுது ஓர் எழுத்தையும் விட்டுவிட்டார். கதை ஆராய்ச்சிக்கு நிற்கவில்லை. பிழைபட்ட பெயரோ நிலைத்துவிட்டது. 1820ஆம் ஆண்டில் பெலத்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு இரசாயனர் இருவர் பட்டையின் சத்தாகிய கொயினாவைத் தனியே பிரித்தெடுத்தனர். அதன்பின் பட்டையை இடித்துக் குடித்த காலம் போய், நிறுத்தளந்து கொடுக்கும் மருந்தின் காலம் வந்தது. மலேரியாவால் படைவீரரையும் உத்தியோகத்தரையும் இழந்துகொண்டிருந்த ஐரோப்பிய அரசுகள், அந்தீசுக் காடுகளை நம்பியிராது தத்தம் குடியேற்ற நாடுகளிலேயே இம்மரத்தை வளர்க்க முனைந்தன. 1854ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அதனை யாவாவுக்குக் கொணர்ந்தனர். 1860ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கிளெமெண்ட்சு மார்க்கம் என்பவரின் தலைமையில் ஆள்களை அனுப்பினர். அவர்களுள் றிச்சட் ஸ்புறூஸ் என்னும் தாவரவியலார் எக்குவதோர் நாட்டுக் காடுகளிற் செம்பட்டை இனத்தின் விதைகளைத் திரட்டினார். அவை நீலகிரியில் உதகமண்டலத்தைச் சேர்ந்தன. அங்கே மக்கைவர் என்பவர் அவற்றைப் பேணி வளர்த்தார்.

இலங்கையில் இம்முயற்சிக்கென்றே 1861ஆம் ஆண்டில் நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள ஹக்கலையில் ஒரு பூந்தோட்டம் நிறுவப்பட்டது. பேராதனைப் பூந்தோட்டத்தின் அதிபராகவிருந்த துவெயிற்ஸ் என்பார் இதற்குப் பொறுப்பாயிருந்தார். ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரமும் குளிரும் மஞ்சும் உடைய அவ்விடம் அந்தீசு மரத்துக்கு ஒத்ததாயிருந்தது. உயர்ந்த இடங்களில் முடிப்பட்டை எனப்பட்ட இனமும், சற்றுத் தாழ்ந்த சரிவுகளிற் செம்பட்டை இனமும் நன்கு வளருமென்பது சில ஆண்டுகளிற் புலனாயிற்று. நாற்றுகள் ஆயத்தமாயின, ஆனால் அவற்றை வாங்குவார் அரியர். அக்காலத்திற் கோப்பியே மலைநாட்டின் பொன். ஏழெட்டு ஆண்டு காத்திருந்து பட்டை உரிக்க வேண்டிய மரத்தைத் தோட்டத்துரைமார் ஒரு பொருட்டாக மதித்திலர். லூல்கந்துரைத் தோட்டத்திலிருந்த ஜேம்ஸ் தெயிலரைப் போன்ற ஒரு சிலரே அதனை விரும்பி நட்டவர். தேயிலையின் தந்தை எனப் போற்றப்படும் இத்தெயிலர் சிங்கோனாவிலும் முன்னோடியாயிருந்தமை பலர் அறியாத செய்தி.

1869ஆம் ஆண்டிலே மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலையின் கீழ்ப்புறத்திற் செம்மஞ்சட் பொட்டுகள் காணப்பட்டன. துவெயிற்ஸ் அனுப்பிய இலைகளை ஆராய்ந்து, இங்கிலாந்திலிருந்த பேர்க்கிலி என்னும் அறிஞர் அந்நோய்ப் பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். நோய் தோன்றியவுடன் தோட்டங்கள் அழிந்துவிடவில்லை. கோப்பியின் விலை ஏறிக்கொண்டிருந்தமையால், விளைச்சல் குறைந்தும் வருவாய் குறையாதிருந்தது. 1870ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிற் கோப்பி நிலம் இரண்டேமுக்கால் இலட்சம் ஏக்கர் வரை பரந்து நின்றது. உண்மை நிலை வெளிப்பட்டபொழுது கடன் தலைக்கு மேற் போயிருந்தது. 1884ஆம் ஆண்டில் ஓரியன்றல் வங்கி முறிந்தது.

அந்த இக்கட்டிலேதான் சிங்கோனாவின்மேற் கண்கள் திரும்பின. 1872ஆம் ஆண்டிற் சுமார் 500 ஏக்கரில் நின்ற மரம், 1883ஆம் ஆண்டில் ஏறத்தாழ 64,000 ஏக்கரிற் பரவிற்று. 1880ஆம் ஆண்டளவில் ஓர் அவுன்சு கொயினாச் சல்பேற்று 12 சிலிங் வரை விலை போயிற்று என்பதை நோக்கின் இந்த வேகம் வியப்பன்று. பட்டுப்போன கோப்பிச் செடிகளுக்கிடையே சிங்கோனா நாற்றுகள் நடப்பட்டன. பாதையோரங்களிலும் எல்லைகளிலும் நடப்பட்டன. முன்னர் வாங்குவாரின்றிக் கிடந்த விதை இப்பொழுது பெருவிலை பெற்றது.

இங்குப் பட்டை எடுக்கும் முறைகளைச் சிறிது விரித்துக் கூறல் வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றுக்கு அவையே திறவுகோல். மரத்தை வேரோடு பிடுங்கித் தண்டு, கிளை, வேர் ஆகிய எல்லாவற்றிலுமுள்ள பட்டையை ஒருமிக்க எடுப்பது ஒரு முறை. இது விரைவில் பணந் தரும். மரமோ அத்துடன் முடிந்தது. அடிமரத்தை வெட்டி, கட்டையிலிருந்து தளிர்க்கும் கிளைகளை மீண்டும் வளர விடுவது இன்னொரு முறை. நீலகிரியில் மக்கைவர் கண்ட முறை நுட்பமானது. நின்ற மரத்திலேயே பட்டையை நீளவாக்கில் இடைவிட்டு உரித்து, வெளிப்பட்ட இடத்தைப் பாசியாற் பொதிந்து கட்டுவர். மரம் பிழைப்பதோடு, அவ்விடத்திற் புதிதாக மூடும் பட்டையிலே கொயினாவின் அளவு முன்னையிலும் மிகுந்திருக்கும். மரத்தின் உள்ளுயிரைக் காயப்படுத்தாது பட்டையின் மேற்புறத்தை மட்டும் சீவி எடுக்கும் முறையொன்றை யாவாவிற் கைக்கொண்டனர். அது பின்னர் இலங்கையிலும் பரவிற்று. எவ்வாறாயினும் மெல்ல உரிப்பவனுக்குக் காலம் வேண்டும். வங்கிக்கு வட்டி கட்ட வேண்டியவனிடம் அதுவே இல்லாதிருந்தது. மேலும், அடியில் நீர் தேங்கும் நிலங்களில் மரங்கள் நோயுற்றுப் பட்டன. படுமுன் பிடுங்கிவிடுவதே ஆதாயம் எனப் பலர் கோடரியையும் மண்வெட்டியையும் எடுத்தனர்.

இலண்டன் ஏலத்திற் பட்டையின் விலை அதன் நிறையைக் கொண்டு மட்டும் தீர்மானிக்கப்படவில்லை. ஓர் இறாத்தற் பட்டையில் நூற்றுக்கு எத்தனை பங்கு கொயினா உண்டு என இரசாயனர் கண்டுரைப்பர்; ஒவ்வொரு பங்குக்கும் ஓர் அலகு என விலை வைக்கப்படும். இரண்டு பங்கு சத்துடைய பட்டை இரண்டு அலகும், எட்டுப் பங்கு சத்துடையது எட்டு அலகும் பெறும். உரிப்புக் கூலியும், உலர்த்தும் செலவும், சாக்கும், வண்டிச் சத்தமும், கப்பற் கட்டணமும் இரண்டுக்கும் ஒன்றே. விலை உயர்ந்து நின்றவரை இவ்வேறுபாடு தோட்டக்காரரை வருத்தவில்லை.

இலங்கையிற் பெரும்பாலும் நடப்பட்ட செம்பட்டை இனம் வலிமையாக வளர்வது. தாழ்ந்த சரிவையும் பொறுப்பது. அதன் பட்டையிற் சத்துக்களின் மொத்த அளவு குறைவன்று. ஆயினும் அவற்றுட் கொயினா சிறுபங்கே. எஞ்சியவை அதற்கு இனமான பிற சத்துக்கள். 1866ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் நடைபெற்ற ஆய்வுகள் அப்பிற சத்துக்களும் காய்ச்சலைத் தீர்க்க வல்லனவே எனக் காட்டின. அதன் பயனாக இந்திய அரசு தன் தோட்டங்களிற் செம்பட்டையிலிருந்தே மலிவான கலப்பு மருந்தைச் செய்தது. 1892ஆம் ஆண்டு தொடக்கம் வங்காளத்தில் அஞ்சல் நிலையங்கள் வாயிலாகக் கொயினாப் பொட்டலங்கள் ஒரு பைசா விலைக்கு ஏழைகளுக்கு விற்கப்பட்டன. ஐரோப்பியச் சந்தையோ வெண்ணிறக் கொயினாச் சல்பேற்றை மட்டுமே கேட்டது. வைத்தியனுக்குக் குறையில்லாத பட்டை வணிகனுக்குக் குறையுள்ள பட்டையாயிற்று. இலங்கைத் தோட்டக்காரர் வைத்தியனுக்கு விற்கவில்லை, வணிகனுக்கே விற்றனர்.

யாவாவில் நிகழ்ந்தது வேறு. பொலிவியா நாட்டிலே சார்ள்ஸ் லெட்ஜர் என்னும் ஆங்கில வணிகரிடம் மனுவேல் இன்கிரா மாமானி என்னும் ஐமாரா இனத்தவர் ஒருவர் வேலை செய்தார். எம்மரத்தின் பட்டை சிறந்தது என்பதைக் கண்ணாற் கண்டு கூறும் பழக்கமுடையவர் அவர். உறைபனியாற் பூக்கள் கருகியமையாற் சில ஆண்டுகள் காத்திருந்து, 1865ஆம் ஆண்டில் நல்ல மரங்களின் விதையைத் திரட்டி, மலைவழியே நெடுந்தொலை நடந்து கொணர்ந்தார். இலண்டனில் ஆங்கில அரசு அவ்விதையை வேண்டாமென்றது. ஒல்லாந்தர் ஓர் இறாத்தலை வாங்கினர். அதிலிருந்து முளைத்த கன்றுகளே லெட்ஜர் இனம் எனப் பெயர் பெற்று உலகச் சந்தையை ஆண்டன. மரத்தைக் கண்டெடுத்தவர் பெயர் அதற்கு வழங்கவில்லை; மாமானி மறுமுறை விதை தேடச் சென்றபொழுது சிறைப்பிடிக்கப்பட்டு அடியுண்டு, பின்னர் இறந்தார்.

விதை நல்லதாயிருந்தமை மட்டும் ஒல்லாந்தரின் வெற்றிக்குக் காரணமன்று. யாவாவிலே மோயன்ஸ் என்னும் இரசாயனர் மரத்துக்கு மரம் பட்டையைச் சோதித்து, சத்து மிக்கவற்றைத் தாய்மரங்களாகத் தெரிந்தார். சிங்கோனா அயன்மகரந்தத்தால் எளிதிற் கலப்புறுவது; ஆதலின் தாய்மரங்கள் பிறவற்றினின்றும் விலக்கி வளர்க்கப்பட்டன. லெட்ஜர் இனத்தின் வேர் மெலிவுடையதாகையால், வலிய செம்பட்டை வேரின்மேல் அது ஒட்டப்பட்டது. நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை கொயினா தரும் மரங்களும் இவ்வாறு கிடைத்தன. இலங்கையிலோ பல இனங்கள் அடுத்தடுத்து நின்று தாமே கலந்தன. செம்பட்டையும் முடிப்பட்டையும் கலந்து பிறந்த புதுவகையொன்று தோட்டங்களிற் பெருகியதைத் துவெயிற்சுக்குப் பின் வந்த திரிமன் ஆராய்ந்தெழுதினார். லெட்ஜர் விதையும் காலந்தாழ்த்து இங்கு வந்தது. ஆயின் அப்பெயரால் விற்கப்பட்ட விதையிலிருந்து முளைத்தவற்றுட் பல கலப்புக் கன்றுகளே என்பது பட்டை உரித்த பின்னர்த்தான் தெரிந்தது.

1886ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து ஒன்றரைக் கோடி இறாத்தலுக்கு மேற்பட்ட பட்டை ஏற்றுமதியாயிற்று. உலகில் வேறெந்த நாடும் அக்காலத்தில் அவ்வளவு அனுப்பவில்லை. அத்தொகையைச் செழிப்பின் அறிகுறியாகக் கொள்வோர் உளர். அது பெரும்பாலும் பிடுங்கப்பட்ட மரங்களின் தொகையே. விலை இறங்க, இறங்கிய விலைக்கு ஈடு செய்ய மேலும் பிடுங்கினர். மேலும் பிடுங்கியமையால் விலை மேலும் இறங்கிற்று. 1880ஆம் ஆண்டளவில் 12 சிலிங் பெற்ற அவுன்சு பத்தாண்டுக்குள் இரண்டு சிலிங்குக்குங் கீழே வந்தது. அந்த விலையில் இரண்டு அலகுப் பட்டை கப்பற் கட்டணத்துக்கும் போதவில்லை. எட்டு அலகுப் பட்டை பிழைத்து நின்றது. நூற்றாண்டு முடியுமுன் சிங்கோனா மலைநாட்டிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகுக்கு வேண்டிய பட்டையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் யாவா ஒன்றே அளித்தது.

சிங்கோனாவால் ஒரு பயனும் விளையவில்லை என்றும் கூறல் பொருந்தாது. கோப்பி சாய்ந்து தேயிலை நிமிரும்வரை பல தோட்டங்களைத் தாங்கி நின்றது அதுவே. பட்டை விற்ற பணத்தில் தேயிலை நட்டோர் பலர். கோப்பி பறிக்கும் காலத்துக்கு மட்டும் தென்னிந்தியாவிலிருந்து வந்துபோன தமிழ்த் தொழிலாளர், ஆண்டு முழுவதும் கையை வேண்டிய தேயிலையால் மலைநாட்டிலே நிலைகொண்டனர். இடைக்காலத்தில் அம்மரங்களை நட்டும் உரித்தும் பிடுங்கியும் நின்ற கைகள் அவர்களுடையவை. பட்டை போன சிங்கோனா விறகுக்கன்றி வேறொன்றுக்கும் உதவாமை தோட்டக்காரருக்கு இன்னொரு பாடமாயிற்று. தேயிலைக்கிடையே பின்னர் அவர்கள் நட்ட அவுஸ்திரேலிய மரமாகிய கிரவில்லியா, நிழலும் காற்றுத் தடுப்பும் தந்து, கிளை நறுக்கிய காலத்தில் விறகு தந்து, முதிர்ந்தபின் பலகையும் தந்தது. மலிந்த விலைக்கு அதனை ஒரே ஆண்டில் வெட்டித் தள்ள வேண்டிய நெருக்கடி எழவில்லை. வளர்ந்துகொண்டே காத்திருக்க வல்ல மரம் அது. அண்மைக்காலத்தில் வல்லப்பட்டை எனப்படும் அகில் இனத்தை இலங்கையில் வருவாய்க்காக நடுமாறு பணமுள்ளோரைத் தூண்டும் விளம்பரங்கள் எழுந்துள்ளன. மரத்துள் உண்டாகும் பிசினின் தரத்தைப் பொறுத்தே அதன் விலையும் அமைகின்றது.

1934ஆம் ஆண்டில் தென்மேற் பருவமழை பொய்த்தது. ஓடிய ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின. அவற்றில் மலேரியா நுளம்பு பெருகிற்று. ஒக்டோபர் மாதமளவிற் றொடங்கிய காய்ச்சல் கேகாலை, குருநாகல் மாவட்டங்களை முதன்மையாகத் தாக்கி 1935ஆம் ஆண்டிலும் நீடித்தது. இறந்தோர் தொகை ஏறக்குறைய 80,000 எனக் கணிக்கப்பட்டுள்ளது. சூரியமல் இயக்கத்து இளைஞர் ஊரூராகச் சென்று உணவும் மருந்தும் வழங்கினர். அவர்கள் கையிலிருந்த மருந்து கொயினா. அன்று உலகச் சந்தையிலிருந்த கொயினாவிற் பெரும்பகுதி யாவாப் பட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. ஒன்றரைக் கோடி இறாத்தற் பட்டை இறங்கி வந்த மலைகள், காய்ச்சல் பரவிய அவ்வூர்களுக்கு ஒரு நாட் பயணத் தொலைவிலே தேயிலையாற் பசுத்து நின்றன.