கலே நகரின் அறுவர்

பிரான்சின் வடகரையில் உள்ள கலே துறைமுகத்தில் நான் நின்ற காலை, வானம் தெளிந்திருந்தது. ஏறத்தாழ 34 கிலோமீட்டருக்கு அப்பால் இங்கிலாந்தின் வெண்சுண்ணப் பாறைகள் தென்பட்டன. இந்த அண்மையே அந்நகருக்குத் துன்பமாயிற்று.

1346-ஆம் ஆண்டில் ஆங்கில மன்னர் மூன்றாம் எட்வர்டு கலேயை முற்றுகையிட்டார். பதினொரு மாதம் பசியோடு போராடிய மக்கள் 1347-இல் பணிந்தனர். நகரப் பெருமக்கள் அறுவர், கழுத்தில் கயிறும் கையில் கோட்டைத் திறவுகோல்களுமாக வந்தால் ஏனையோர் பிழைப்பர் என்றார் மன்னர். யூஸ்தாஷ் தெ சேன் பியேர் முதலில் எழுந்தார், ஐவர் தொடர்ந்தனர். அரசி பிலிப்பா மன்றாடியதால் அறுவரும் உயிர் தப்பினர் என்று அக்கால வரலாற்றாசிரியர் ஃபுருவாசார் எழுதியுள்ளார். நகரோ 1558 வரை ஆங்கிலேயர் வசமே இருந்தது.

1895-இல் திறந்துவைக்கப்பெற்ற ரோதேனின் வெண்கலச் சிலைத் தொகுதி, இன்று நகர மண்டபத்தின் முன் நிற்கிறது. வெற்றி வீரர்களைக் காணச் சென்ற நான், அச்சத்தையும் துயரத்தையுமே கண்டேன். ஒருவர் இரு கைகளாலும் தலையைப் பற்றியிருக்கிறார். உயர்ந்த பீடமின்றி, மக்கள் நடுவே அவர்கள் நிற்கவேண்டும் என்பதே சிற்பியின் விருப்பம். மாணவ நண்பர்களே, அஞ்சிய நெஞ்சோடும் ஊருக்காக நடந்தவர்கள் அவர்கள். அதனாலேயே அவர்களை நம்மவராக எண்ண முடிகிறது.