தொழுநோயும் காவிரிநாட்டு வழக்கும்

தொழுநோய் பற்றிய பழங்குறிப்புகளை ஆராய்வார் முதற்கண் ஒன்றை மனங்கொளல் வேண்டும். குட்டம் என்னும் சொல் ஒரு நோயை மட்டும் குறிப்பதன்று. மருத்துவ நூல்கள் அதனை 18 வகையாகப் பகுத்துப் படை, சிரங்கு போன்ற தோல்நோய்களையும் அதனுள் அடக்கும். ஆதலின், அச்சொல் வருமிடமெல்லாம் தொழுநோயே எனக் கொள்ளுதல் பொருந்தாது.

நாலடியாரின் தீவினையச்சத்து வரும் 123ஆம் செய்யுளிலோ ஐயத்திற்கு இடமில்லை. விரல்கள் அழிந்து உள்ளங்கை மட்டும் எஞ்சும் நிலையை அது கூறுகின்றது. நேரிற் கண்டார் கூற்று இஃது என்பது தெளிவு. ஆயின், நண்டின் காலை ஒடித்துத் தின்ற முன்வினையே காரணம் என்கின்றது. காட்சி மெய், காரணம் கோட்பாட்டின் வழிப்பட்டது.

காவிரியின் வடபால் உள்ள சூரியனார்கோயில், கல்வெட்டுகளில் குலோத்துங்கசோழ மார்த்தாண்டாலயம் எனப்படுவது. அதன் தலபுராணம் பிறிதொரு நோக்கைக் காட்டும். தொழுநோய்க்கு அஞ்சிய காலவ முனிவர்க்குக் கோள்கள் வரமளித்தன. அதனாற் சினந்த நான்முகன் அந்நோயை அவற்றிற்கே சாபமாக்கினான். அவை திருமங்கலக்குடி இறைவனை வழிபட்டு நலம் பெற்றன என்ப. ஈண்டு நோயுற்றோர் செய்த குற்றம் துன்புறுவானுக்கு இரங்கியமையே. நலம்பெற்ற பின் அவற்றிற்குக் கோயிலும் எழுந்தது. இக்கதையைப் போற்றிய நாட்டிலேயே நோயுற்ற மாந்தர் ஊரினின்றும் ஒதுக்கப்பட்டனர். 1898ஆம் ஆண்டுச் சட்டம் வறிய நோயாளரைப் பிடித்து அடைத்துவைக்க இடந்தந்தது. 2016இல்தான் அது நீக்கப்பட்டது.

இனி, உண்மைக் காரணம் யாது? 1873இல் நார்வே நாட்டு ஆன்சன் இந்நோயின் நுண்ணுயிரைக் கண்டறிந்தார். அது தோலையும் நரம்பையும் பற்றும். நரம்பு கெட்டவழி உணர்ச்சி மரத்துப்போகும். விரல்கள் தாமே அழுகி வீழ்வதில்லை என்பதை, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்த பால் பிராண்டு 1940களின் பிற்பகுதி முதல் விளக்கலானார். கழனியில் அரிவாள் பட்டாலும், அறுத்த தாள் காலிற் குத்தினாலும், அடுப்புக்கலம் சுட்டாலும் மரத்த உறுப்பு வலியை அறியாது. பேணப்படாத புண்ணே விரலைத் தின்கின்றது. நாலடியார் கண்ட காட்சிக்கு விளக்கம் இதுவே.

உலக நலவாழ்வு நிறுவனம் 1982இல் பரிந்துரைத்த கூட்டுமருந்து, நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 திங்களில் இதனைத் தீர்க்கும். மருந்து தொடங்கிய சின்னாளிலேயே பிறர்க்குத் தொற்றும் தன்மை நீங்கும். நோயர் 10,000 பேர்க்கு ஒருவரினும் குறைந்த நிலையை இந்தியா 2005 இறுதியில் எய்தியது. எனினும், புதிய நோயர் இன்றும் காணப்படுகின்றனர்.

உணர்ச்சியற்ற வெளிறிய தேமலை முதலிற் கண்டபொழுதே காட்டின் ஊனம் நேராது தடுக்கலாம். வினைப்பயன் என நாணி மறைப்பார்க்கோ காலம் கழிகின்றது, நரம்பும் கெடுகின்றது. ஆகவே, நண்டுக் கதையை இலக்கியமாகக் கற்பிக்கும் நாம், அதன் காரணங்கூறும் பகுதி பிழை என்பதையும் உடன் கற்பித்தல் கடனாகும்.